மிஷினுக்கு ஒண்ணுமில்லைங்க

வாங்கண்ணா, உள்ள வாங்க. கதவு திறந்தே இருக்கட்டுங்க, காத்து வரும். நீங்க வருவீங்கன்னு அவர் காலையிலேயே சொல்லிட்டுத்தான் போனார். ஆல்பர்ட்டுன்னு ஒரு மெக்கானிக் வருவார், மிஷினைக் காட்டு, கேட்டதுக்குப் பதில் சொல்லுன்னார். கேட்டதுக்கு மட்டும் சொல்லுன்னு சொல்லலை. அதனால நான் பாட்டுக்குப் பேசிட்டே போனா தப்பா எடுத்துக்காதீங்க. வெளி ஆளுங்ககிட்ட வாய் திறக்கறவளே இல்லை நான். இந்த லைன் வீட்டுக்கு வந்து மூணு வருஷமாச்சு, தண்ணி பிடிக்கிற இடத்துல கூட எனக்கு ஆமாங்க, இல்லீங்க, இந்த ரெண்டு வார்த்தைதான். ஆனா ஒரு மாசமா மனசுக்குள்ள இருந்து இருந்து, இன்னிக்கு யார் வந்தாலும் கொட்டிடுவேன் போல இருக்கு.

அதோ பாருங்க, அதுதான். சமையல் மேடையில பாதியை அதுவே பிடிச்சுக்கிச்சு. என் மிக்ஸியைத் தூக்கி பீரோ மேல வச்சுட்டேன். தேங்காய் அரைக்கணும்னா ஸ்டூல் போட்டு ஏறி இறக்கணும்.

அவர் வேலை பார்த்த காபிக் கடை ரேஸ்கோர்ஸ் பக்கம் இருந்துச்சுங்க. ஏசி எல்லாம் போட்டு, ஒரு காபிக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்துட்டுப் போற மாதிரிக் கடை. அதை மூடிட்டாங்க. முதலாளி நல்ல மனுஷன், சம்பத்து, இதை நீதான் பிள்ளை மாதிரி துடைச்சு வச்சே, நீயே கொண்டு போன்னு குடுத்துட்டார். அன்னிக்கு மத்தியானம் எனக்குப் போன் பண்ணி, வீட்டுக்கு ஒரு கிரைண்டர் கொண்டு வர்றேன், இடம் ஒதுக்கி வைன்னார். கோயமுத்தூர்ல கிரைண்டர்னா என்னங்கண்ணா? நான் அரிசியையும் உளுந்தையும் ஊறப் போட்டுட்டேன். கல்யாணமாகி வந்ததுல இருந்து மாவுக்குப் பக்கத்து வீட்டுக்குத்தான் சட்டியைத் தூக்கிட்டு நடக்கிறேன். அன்னிக்குச் சாயங்காலம் ரெண்டு பேர் மூச்சு வாங்கிட்டு தூக்கிட்டு வந்து இறக்கினது இது, காபிக் கொட்டை அரைக்கிறது. ஊறின உளுந்தை எடுத்துக்கிட்டு மறுபடி பக்கத்து வீட்டுக்கே போனேன். அந்தக்கா, ஏம்மிணி, உங்க வீட்டுக்குக் கிரைண்டர் வந்துச்சாமேன்னு கேட்டுட்டுச் சிரிச்சாங்க. நான் ஆமாங்கன்னேன்.

சரி, நீங்க கழட்டுங்க. நான் குறுக்க நிக்கலை.

அது என்ன பண்ணுதுன்னு கேக்கறீங்களா? நிக்கிறதில்லைங்க. ஒரு நாள் வச்ச இடத்துல மறுநாள் நிக்கிறதில்லை. அதுதான் கூத்து.

தினம் காலையில ஆறு மணிக்கு ஆரம்பிப்பார். மேல இருக்கிற கூம்புல கொட்டையைக் கொட்டி சுவிட்சைப் போட்டார்னா வீடே அதிரும். பாப்பா அலறிட்டு எழுந்திருக்கும். தூளை அந்தக் கைப்பிடியில பிடிச்சு, அமுக்கி, பக்கத்துல இருக்கிற காபி இறக்கற சின்ன மிஷின்ல மாட்டுவார். அது அவர் கூட்டாளி இரவல் குடுத்தது. மாட்டிட்டு, போன்ல செகண்டு ஓடறதைப் பார்த்துட்டே நிப்பார். இருபத்தெட்டு செகண்டுல டம்ளர் அடி நனையற அளவு இறங்கணுமாம். பதினஞ்சுல இறங்கிட்டா தூள் பெருசு, காபி தண்ணி. நாப்பது ஆச்சுன்னா தூள் ரொம்ப நைசு, காபி கசாயம். அதுக்குத்தானே ஓட்டை ஓட்டையா இந்த வளையம்? பின்னை அமுக்கிட்டு ஒரு ஓட்டை தள்ளுவார், அரைப்பார், பார்ப்பார், தலையில அடிச்சுக்குவார். மறுபடி ஒரு ஓட்டை.

இதெல்லாம் அவர் சொல்லிக் குடுத்து நான் கத்துக்கலைங்க. அந்தப் பக்கம் திரும்பிப் பாத்திரம் விளக்கிட்டே பார்த்தது.

எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பறதுக்குள்ள எப்படியோ ஒரு இடத்துக்குக் கொண்டு வந்துடுவார். அப்ப அவர் முகத்தைப் பார்க்கணுமே. ஒரு வாய் குடிச்சுட்டுக் கண்ணை மூடிக்குவார். வந்துருச்சு, வந்துருச்சுன்னு தனக்குத் தானே சொல்லிக்குவார். இப்ப ஒரு பெரிய கடையில குடோன்ல பெட்டி எண்ணி இறக்கற வேலை பார்க்கிறார். அந்த வேலைக்குச் சிரிச்ச முகமா போறது அந்த மாதிரி நாள்ல மட்டும்தான்.

மறுநாள் காலையில பார்த்தா எல்லாம் போச்சு. சுவிட்சைப் போட்டா உர்ர்ருன்னு இழுக்கும், சுத்தாது. கையால தளர்த்தி, தட்டி, கொட்டையை வாரி வெளியே எடுத்து, திரும்ப முதல்ல இருந்து. வளையம் தானா இறுகிப் போயிருது, பின் பிடிக்கலைன்னு உங்ககிட்டயும் அதைத்தானே சொல்லியிருப்பார்?

அதுல இருந்த எண்ணெல்லாம் தேய்ஞ்சு போச்சுங்க, பார்த்தீங்களா. அதனால ஸ்கெட்ச் பேனாவுல கோடு போட்டு வச்சார். அதுவும் நிக்கலை. சாயங்காலம் வந்து பார்த்துட்டு, மையைக் கூட இது தின்னுடுதுன்னு திட்டினார். தின்னறதாவது. அது மையின்னு எனக்கென்ன தெரியும், ஏதோ கறை ஒட்டியிருக்குன்னு எலுமிச்சம்பழத் தோலும் சாம்பலும் போட்டு நான்தான் தேய்ச்சேன். ஒரு மிஷினை எப்படி வச்சுக்கணுமோ அப்படி வச்சிருக்கேன் அண்ணா. உங்க கையில ஒரு பொட்டு எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டுதா பாருங்க.

அந்த வீணாப் போற காபியெல்லாம் என்ன ஆகுதுன்னு நீங்க கேக்கலையே. ஒரு நாளைக்கு ஆறு, ஏழு. அவர் தொட்டியில ஊத்தச் சொல்வார். எனக்கு மனசு வருமா? அதுல பாலைக் காய்ச்சி ஊத்தி, நாட்டுச் சர்க்கரை போட்டு நானே குடிச்சுடறேன். பாப்பாவுக்கு இன்னும் பால் குடுக்கிறேன். அது மத்தியானத் தூக்கத்தையே மறந்துருச்சு. ஆஸ்பத்திரியில அந்த நர்ஸம்மா, ஏம்மா குழந்தை கொட்டக் கொட்ட முழிச்சிட்டிருக்குன்னு கேட்டாங்க. தெரியலைங்கன்னுட்டேன். நான் தினம் ஏழு காபி குடிக்கிறேன்னு எப்படிச் சொல்றது.

இவ்வளவும் எதுக்குன்னா, தோஹாவுல ஒரு காபிக் கடைங்க. இவர் கூட வேலை பார்த்த ஒருத்தர் அங்க இருக்கார், அவர் மூலமா. வர்ற சனிக்கிழமை மூணு மணிக்கு அங்கிருந்து வீடியோவுல கூப்பிடுவாங்க. இவர் அவங்க பார்க்கப் பார்க்க நாலு காபி போடணும். நாலும் ஒரே மாதிரி இறங்கணும், முன்ன பின்ன ரெண்டு செகண்டுதான் விடுவாங்களாம். சரியா வந்தா விசா. ரெண்டு வருஷம். தங்கறதுக்கு அவங்களே இடம் குடுத்துடுவாங்க. நல்ல விஷயம்தானே. நான் ஒண்ணும் சொல்லலைங்க. போனா நல்லதுதான். குடோன்ல பெட்டி இறக்கற கையா அது. எனக்கென்ன, பாப்பா இருக்கா, நேரம் போயிரும். பாப்பாவுக்கு அப்பா முகம் மறக்காம இருக்க தினம் போன்ல காட்டிக்கலாம்னார். அதுக்கு ஒரு வயசுதான் ஆகுது, போனைப் பார்த்தா நக்கத்தான் தெரியும். அதுவும் நான் ஒண்ணும் சொல்லலை.

ஆனா ஒண்ணு கேளுங்க. இந்த மிஷின் ஏன் நிக்கலைன்னு அவர் யாரையெல்லாம் கேட்டார் தெரியுமா? கொட்டை அனுப்பற குன்னூர்க்காரரைக் கேட்டார். அவர் வறுவல் சரியாத்தான் இருக்குன்னார். கரண்டு கூடிக் குறையுதோன்னு லைன்மேனைக் கேட்டு, ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினார், அதோ தொங்குது. காத்துல ஈரம்னு யாரோ சொல்லி, ஈரம் பார்க்கிற கடிகாரம் ஒண்ணு வாங்கிச் சுவத்துல அடிச்சார். அதுல பல்லி குடியிருக்கு. பெங்களூர்ல ஒரு கூட்டாளியைக் கேட்டார். போன்ல ஒரு வெள்ளைக்காரர் தாடியைத் தடவிட்டு மணிக்கணக்காப் பேசறார், அவரைக் கூட நிறுத்தி நிறுத்திக் கேட்டார். இப்ப உங்களை வரவழைச்சிருக்கார். இந்த மேடையில காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நிக்கிறவ நான். என்னை ஒரு வார்த்தை கேக்கலை. ஏழாவது வரைக்கும் படிச்சவளுக்கு என்ன தெரியும்னு இருந்திருக்கும். அவர் அப்படி வாய்விட்டுச் சொல்ல மாட்டார், நல்லவர்தான். கேக்கணும்னு தோணலை, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நான் அதை எப்படிப் பார்த்துக்கறேன். அவர் எட்டு மணிக்குப் படி இறங்கினதும் முதல் வேலை இதுதான். ஒயரைப் பிடுங்கிருவேன். தூள் சிந்தினதை பிரஷ்ல தட்டிருவேன். ஈரத் துணியில துடைச்சு, காஞ்ச துணியில துடைச்சு, வளையத்தை நல்லா வலது பக்கம் இறுக்கி மூடி, மேல துணியைப் போட்டுட்டுத்தான் நான் பல்லே விளக்குவேன்.

என்னங்கண்ணா? ஏன் ஸ்குரூ டிரைவரைக் கீழ வச்சுட்டீங்க?

ஆமாங்க, மூடித்தான் வைப்பேன். கேஸ் அடுப்பைச் சமைச்சு முடிஞ்சதும் திறந்தே விட்டுட்டுப் போவோமா? சிலிண்டர்ல வால்வை மூடறோமில்லை, அந்த மாதிரித்தான். பின்னை ஒரு விரல்ல அமுக்கிக்கிட்டு, டக்கு டக்குன்னு கடைசி வரைக்கும். கைக்கு அடங்கற வரைக்கும் இறுக்கிருவேன். பல்லு வச்ச சாமான், வீட்ல குழந்தை இருக்கு.

தினமும்தான். ஒரு நாள் தவறினதில்லை.

எப்ப இருந்தா? பாப்பா நடக்கறதுல இருந்துங்க. ஒரு மாசம் இருக்கும். அவர் பாஸ்போர்ட் தபால்ல வந்துச்சு, அந்த வாரம்.

பாப்பாவைப் பார்க்காதீங்க, அது இப்ப தவழ்ந்துட்டுத்தான் வரும். இன்னும் நடக்கலை, பிடிச்சுட்டு நிக்கிறா. நடக்கப் போறா. நடந்த பிறகா மூடுவாங்க? மேடை உயரம்தான், எனக்கும் தெரியுது. இன்னிக்கு எட்டாது, நாளைக்கு எட்டும்ல.

சொல்லுங்க, கேக்கறேன்.

ம்.

ம். அதாவது, பின் நல்லா இருக்கு. உள்ள அரைக்கிற பல் தட்டும் தேயலை. மிஷின் நிக்கும்போது இறுக்கினா நடுவுல இருக்கிற கொட்டை மாட்டிக்கும், அதுதான் காலையில உர்ர்ருன்னு இழுக்குது. அரைச்சுட்டு வச்ச இடத்துலயே விட்டா மறுநாளும் அங்கேயேதான் நிக்கும். ராத்திரியில தானா இறுகற மிஷின் உலகத்துலயே கிடையாது.

அப்ப நான்தான்.

ஒரு நிமிஷம் இருங்க. அடுப்புல ஒண்ணுமில்லை, சும்மாதான் போயிட்டு வந்தேன்.

நீங்க சிரிக்கலை, அதுக்கே உங்களைக் கும்பிடணும். ஆனா என்மேல மட்டும் தப்புன்னு சொல்லிடாதீங்க. மூடக் கூடாதுன்னு ஒரு வார்த்தை, வாசல்ல செருப்பு மாட்டும்போது திரும்பி ஒரு வார்த்தை சொன்னா வாய் நொந்து போகுமா? இதுல கை வைக்காதேன்னு ஒரு தடவை சொன்னார், வந்த புதுசுல. நான் துடைக்காம விட்டா இது பளபளன்னு இருக்குமா, அதுவும் அவருக்குத் தோணலை. தானா இறுகுதுன்னு நம்பறார், தானா சுத்தமாகுதுன்னும் நம்பறார். நான் தொட்டிருப்பேன்னு மட்டும் நினைக்கலை. லைன்மேனைக் கேக்கத் தெரியுது. நான் கேக்கற தூரத்துலதானே இருக்கேன்? என்ன பண்ணித் தொலைச்சேன்னு கத்தியிருந்தாலாவது சொல்லியிருப்பேனே. அவர் மிஷினைத் திட்டுவார். நான் பாட்டுக்குப் பின்னாடி நின்னு அந்தக் காபிக்குப் பால் காய்ச்சிட்டிருப்பேன்.

நானா ஏன் சொல்லலைன்னு கேட்டா, என்னன்னு சொல்லறது? துடைச்சு மூடி வைக்கிறதை எல்லாம் சொல்லிட்டா இருப்பாங்க. அரிசி களைஞ்சேன்னு சொல்றோமா.

எண்ணிக்கையா? சரியான இடம் கடைசியில இருந்து எத்தனாவது ஓட்டைன்னு அவர் எண்ணி வச்சிருந்தாலே போதும்கிறீங்க. அவர் எங்க எண்ணினார். அவருக்குக் குக்கர் வச்சுப் பழக்கமில்லைங்க. வேற வேலை பார்த்துட்டே விசில் எண்ணறவங்களுக்குத்தான் அது வரும். நான் எண்ணினேன்.

ஆமாங்க, மூடறப்ப. டக்கு டக்குன்னு சத்தம் வந்தா எண்ணாம இருக்க முடியாது எனக்கு. அவர் வந்துருச்சுன்னு சொல்லிட்டுப் போற இடத்துல இருந்து கடைசி வரைக்கும். புதுப் பாக்கெட் பிரிச்ச அன்னிக்குப் பன்னெண்டு. அடுத்த நாளும் பன்னெண்டு. மூணாம் நாள் பதினொண்ணு, நாலாம் நாளும் அதே. அஞ்சாம் நாள் பத்து. கொட்டை பழசாக ஆகக் கொஞ்சம் நைசா கேக்கும் போல. மழை பிடிச்ச அன்னிக்கு மட்டும் ஒண்ணு கூடும். இந்த நாலு வாரமா அப்படித்தான். ஒரே ஒரு தடவை மாறுச்சு, அன்னிக்கு அவர் வேற ஏதோ கொட்டை கலந்துட்டார். அதுல காபியே நல்லா இல்லை, நான்தானே குடிச்சேன். பத்து வச்ச அன்னிக்கு அவர் டம்ளர்ல மிச்சம் விடறதுல ஒரு இனிப்பு வரும், தொண்டைக்குள்ள போனதுக்கப்புறம். அவரும் அதுக்குத்தான் கண்ணை மூடிக்குவார்.

என்னை அப்படிப் பார்க்காதீங்க, ஒரு மாதிரியா இருக்கு.

இல்லைங்கண்ணா, அது வேண்டாம். நீங்க நல்ல மனசுலதான் சொல்றீங்க, புரியுது. பின் லூசா இருந்துச்சு, மாத்திட்டேன்னு போன்ல சொல்லிட்டுப் போயிடறேன், நீ இனிமே மூடாம இருந்துக்கோ, வீட்ல சண்டை வராதுங்கறீங்க. சரிதான். அப்படிச் சொல்லிட்டுப் போயிட்டீங்கன்னா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. நாளைக்கு நான் மூடினாலும் தெரியாது. சனிக்கிழமை ரெண்டே முக்காலுக்கு ஒரு ஈரத் துணியை எடுத்துட்டு இந்தப் பக்கம் வந்தேன்னா, அதுவும் தெரியாது. நாலு காபியும் நாலு விதமா இறங்கும். அவர் பின்னைத் திட்டுவார், உங்களைத் திட்டுவார். திங்கக்கிழமை குடோனுக்குப் போவார். சாயங்காலம் வீட்டுக்கு வருவார்.

நான் அப்படிச் செய்வேன்னு சொல்லலை. சும்மா சொல்றேன்.

பாப்பா, வேண்டாம் சாமி, அது அண்ணனோட பை. இங்க வா.

வேண்டாங்கண்ணா, பின்னு மேல பழியைப் போடாதீங்க. ஏற்கனவே அவர் கண்ணுக்கு நான் இதுல இல்லை. நீங்களும் பின்னுன்னு சொல்லிட்டா இல்லவே இல்லாமப் போயிருவேன். அவர் பாட்டுக்கு அங்க போய் நின்னு, ஊர்ல ஒரு மிஷின் வச்சிருந்தேன், அதுல பின் சரியில்லைன்னு அந்த ஊர்க்காரங்களுக்குக் கதை சொல்லிட்டிருப்பார். அவர் திட்டினா திட்டட்டும். என்னைத்தானே திட்டுவார்.

எல்லாத்தையும் திரும்ப மாட்டிட்டீங்களா? கொட்டையைப் போட்டு ஓட விடுங்க. ஓடும்போதுதானே திருப்பணும், இப்ப சொன்னீங்களே. நகருங்க, நானே வைக்கிறேன். கடைசியில இருந்து. செவ்வாய்க்கிழமை பிரிச்ச பாக்கெட், இன்னிக்கு வியாழன். வெயில் அடிக்குது.

ஒண்ணு. ரெண்டு. மூணு.

இருங்க, பாப்பா அழறா, அழட்டும், எண்ணிக்கை விட்டுப் போயிரும்.

பதினொண்ணு.

எங்க, போடுங்க பார்க்கலாம். நீங்களே செகண்டைப் பாருங்க, எனக்கு அந்தப் போன்ல பார்க்கத் தெரியாது.

இருபத்தேழா? ஒண்ணு குறைஞ்சா பரவாயில்லை, ரெண்டு வரைக்கும் விடுவாங்க. இன்னொண்ணு போடுங்க. அதுவும் இருபத்தேழா. நீங்க ஒண்ணைக் குடிங்கண்ணா, இன்னொண்ணு எனக்கு. இன்னிக்குப் பால் ஊத்தலை. கசக்குதுங்க. கசந்துட்டு, இதோ, இப்ப வருது பாருங்க.

அந்தப் போனை இப்படிக் குடுங்க. குடோன்ல இருப்பார், ஆனா உங்க நம்பரைப் பார்த்தா எடுப்பார். நான் கூப்பிட்டா, என்ன வாங்கிட்டு வரணும், வரும்போது பேசிக்கலாம்னு வச்சுருவார்.

நான்தாங்க பேசறேன். ஆமாங்க, அண்ணா இங்கதான் இருக்கார். பாப்பாவுக்கு ஒண்ணுமில்லை, நல்லா இருக்கா. மிஷினுக்கும் ஒண்ணுமில்லைங்க. இல்லைங்க, பின் நல்லா இருக்கு. அண்ணா பார்த்துட்டார். போனை அண்ணாகிட்டக் குடுக்கறேன், அதுக்கு முன்னாடி நான் சொல்றதைக் கேளுங்க. இல்லை, வைக்காதீங்க. தினமும் அதை மூடி வச்சது நான். நான்தான். அதைச் சாயங்காலம் வந்து திட்டுங்க, இப்ப இதைக் கேட்டுக்கோங்க, பேனா இருந்தா எழுதிக்கோங்க. சனிக்கிழமைக்குப் புதுப் பாக்கெட் பிரிக்க வேண்டாம். கடைசியில இருந்து பத்து. மழை வந்துச்சுன்னா பதினொண்ணு.

யார் எண்ணினதா?

நான்தாங்க எண்ணினேன்.